எல்லாருக்கும் புள்ளடி போட்ட டெய்லர்

கண்டி மஹய்யாவையில் புள்ளடி டெய்லரிடம் திட்டு வாங்காத மனுசனும் இல்லை, அவர் வெண்கட்டிக் கோடு படாத துணியும் இல்லை. பழுது எங்கே தெரிந்தாலும் அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி விழும். தையல் கோணலா, புள்ளடி. பூச்சி அரித்த ஓட்டையா, புள்ளடி. ஒருதரம் சுவரில் தொங்கிய கலண்டரிலும் போட்டு வைத்திருந்தார். "லீவு நாளத் தப்பா அச்சடிச்சிருக்கான்" என்றார். அவருடைய சொந்தப் பெயரை அவர் சம்சாரமே மறந்துவிட்டதாகத் தெருவில் பேச்சு.

எலெக்சன் வந்தால் இந்த மனுசனுக்குச் சாமி வந்துவிடும். காலையிலேயே வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். தைத்த துணி வாங்க வருகிறவன் முதலில் இடது கைச் சின்ன விரலைக் காட்டவேண்டும். வோட்டுப் போட்ட மை இல்லையா, துணியும் இல்லை.

நான் அப்போது கண்டி டவுனில் கிளார்க். ஒரு வோட்டு நாள். மறுநாள் பெண் பார்க்கப் போகவேண்டும், தைக்கக் கொடுத்த புது முழுக்கால் களிசான் அவரிடம் இருந்தது. மழையைச் சாக்கு வைத்து வோட்டுப் போடாமல் போய் நின்றேன்.

"வெரலு?"

"மழைண்ணே..."

"வோட்டுப் போடாதவனுக்குக் களிசான் எதுக்கு? கட்டியிருக்கிற சாரத்தோடயே போய்ப் பொண்ணப் பாரு!"

எனக்கும் கோபம் உச்சிக்கு ஏறியது. "பெரிசாப் பேசுறீங்களே, உங்க வெரலக் காட்டுங்க பாப்போம்!"

மனுசன் சட்டென்று கையைச் சாரத்து மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். "எனக்கு ஏது தம்பி வோட்டு? இருந்தா உங்க வெரலையெல்லாம் நான் ஏன் பாத்துக்கிட்டு இருக்கப் போறேன்?"

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து வந்த தோட்டச் சனம் என்று பிரஜாவுரிமை இல்லை. மனுப் போட்டுப் போட்டுச் செருப்புத் தேய்ந்த கதையை அன்றுதான் சொன்னார். என் அப்பா எப்படியோ ஓடியாடி எங்கள் பிரஜாவுரிமையைப் பதிந்து வைத்ததால் எனக்கு வோட்டு இருந்தது. நானோ மழைக்குப் பயந்த மகாராசா! வெட்கம் பிடுங்கித் தின்றது. குடையும் இல்லாமல் வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, மூடுவதற்குள் போட்டுவிட்டு வந்தேன். மையைப் பார்த்த பிறகுதான் களிசான் கைக்கு வந்தது.

சில வருசத்தில் சட்டம் மாறி அவருக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அறுபது வயதில் வாக்காளர் அட்டை வந்தபோது அதைச் சாமி படத்தடியில் வைத்துச் சூடம் காட்டினார். அட்டை எரியாமல் தப்பியது எங்கள் நல்ல காலம். வோட்டன்று வரிசையில் முதல் ஆள் அவர், இரண்டாவது ஆள் நான்.

வெளியே வந்தவருக்கு வாயெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "கச்சிதமாப் போட்டேன் தம்பி. நமக்குப் புடிச்ச சின்னத்துல ஒரு கீறல் படல. மத்த எல்லாத்துக்கும் வச்சேன் பாரு புள்ளடி!"

ஐயோ கடவுளே! நாற்பது வருசம் பழுதுக்கே புள்ளடி போட்ட கை, பிடித்த சின்னத்தின் மேல் எப்படிப் போடும்? ஆனால் வோட்டுச் சீட்டில் பிடித்த சின்னத்துக்கு மட்டும் புள்ளடி போட்டால்தானே செல்லும்! சொல்லாமல் விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன். அடுத்த தடவையும் இதையேதானே செய்வார்! மெதுவாகச் சொன்னேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என் வோட்டக் குப்பையில போட்டுருவாங்களா?"

"இல்லண்ணே. செல்லாட்டியும் அதையும் எண்ணித்தான் சொல்லுவாங்க."

மறுநாள் காலை கடையில் ரேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர். யாருக்கு எத்தனை என்று ஒரே கூச்சல். "நிராகரிக்கப்பட்ட வாக்குகள்..." என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் டெய்லர் துள்ளி எழுந்தார்.

"உஷ்! சத்தம் போடாதீங்க. நம்மளத்தான் சொல்றான்!"

வாசித்து முடியும்வரை கைகட்டி நின்றார். "இத்தன வருசமாத் தப்பாப் போடக்கூட எனக்கு ஒரு சீட்டு இல்ல தம்பி. இப்பத் தப்பையும் எண்ணி, நாடே கேக்கச் சொல்றாங்க பாரு! அடுத்த தரம் சரியாப் போட்டுருவேன்."

போட்டார். அதற்குப் பிறகு வந்த எந்த எலெக்சனையும் விடவில்லை, கண்ணை மூடும்வரைக்கும்.

இப்போதும் முடிவுகள் வாசிக்கும்போது வீட்டில் எல்லாரும் வென்றவனைக் கேட்கிறார்கள். நான் நிராகரிக்கப்பட்ட வாக்குகளுக்கு எழுந்து நிற்கிறேன். ஏன் என்று கேட்டால், "நமக்கு வேண்டிய ஒருத்தர் அதுல இருந்தார்" என்கிறேன்.