இலவசப் பேயும் என் மாமனாரும்

புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி, அவனைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால் வருவது. மீதிப் பாதி, அவன் வாயைத் திறக்காமல் இருக்கும்வரை நீடிப்பது. நான் இரண்டையும் ஒரே மத்தியானத்தில் தொலைத்தேன்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் பாளையங்கோட்டை போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் குழம்பைச் சோறு தெரியாமல் ஊற்றி, இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வைத்தார்கள். ‘போதும்’ என்ற என் சொல்லுக்கு அந்த வீட்டில் அர்த்தமே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மாமனார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டுறவுத் துறையில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனபோது என்னிடம் அவர் பேசியது, “காப்பி ஆறிரும், குடிங்க” என்பது மட்டும்தான். அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

கூடத்தில் நானும் என் மனைவி உமாவும் அவள் தங்கை கோமதியும் மட்டும் இருந்தோம். கல்லூரியில் படிக்கும் கோமதி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அத்தான், பேய் கேமுன்னா பயப்படுவியளா?”

“பயமா? மணிமுத்தாறு ரோட்டுல சிறுத்தைய நேருக்கு நேர் பாத்தவன் நான்” என்றேன். (பேருந்துக்குள் இருந்து பார்த்தேன். அது நாயாகவும் இருக்கலாம் என்று நடத்துநர் சொன்னார்.)

“அப்போ இதை ஆடுங்க. ஓசிதான். புதுசா ஆடுதவங்களுக்குன்னே செஞ்சிருக்காங்க. சின்னப் பிள்ளையே ஆடிரும்.”

விளையாட்டு எளிமையானது. ஒரு பழைய லாட்ஜின் நீண்ட நடைக்கூடத்தில் நாம் நடக்கிறோம். கடிகாரம், நாற்காலி, சுவரில் ஒரு படம், மூலையில் ஒரு குடை. மூலை திரும்பினால் மறுபடியும் அதே நடைக்கூடம். எல்லாம் முன்பு இருந்ததுபோலவே இருந்தால் நேரே நடக்க வேண்டும். ஏதாவது மாறியிருந்தால் வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். கவனிக்கத் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

நான் முதலிலிருந்தே நெடுநேரம் நடந்துகொண்டிருந்தேன்.

“அத்தான், கூரையில ஒரு பொம்பள தலகீழாத் தொங்குதாளே. அதுகூடவா கண்ணுக்குப் படல?”

“நான் அத ஃபேனுன்னுல்லா நெனச்சேன்!”

உமா பெருமூச்சு விட்டாள். “அவங்கள விடு கோமதி. காலையில நான் சேலை மாத்தினதே அவங்களுக்கு இன்னும் தெரியாது.”

அது சுருக்கென்று தைத்தது. நான் காதில் ஹெட்போனை இறுக்கிக்கொண்டேன். இனி ஒரு கொசு இடம் மாறினாலும் விடுவதில்லை என்று சபதம். மறக்காமலிருக்க எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். “கடிகாரம் சரி! குடை சரி! நாற்காலி சரி!” (ஹெட்போன் போட்டவன் முணுமுணுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கத்துவான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.) அக்காளும் தங்கையும் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டதும் தெரியாது.

ஆச்சரியமாக, வரிசையாக எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்தேன். கடைசி நடைக்கூடம். இதைத் தாண்டினால் வெற்றி. தூரத்தில் ஒரு கிழவர் நின்றார். முன்பு அவர் இல்லை. பைய நெருங்கி வந்தார். முகத்தில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி.

அந்த நொடியில் என் தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பினேன். என் மாமனார் நின்றார். தலைமயிர் குத்திட்டு நின்றது. கன்னங்கள் ஒட்டியிருந்தன. வாய் இருந்த இடத்தில் வெறும் குழி.

விளையாட்டின் விதி ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. மாறியிருந்தால் ஓடு.

ஓடினேன். வாசற்படியில் ஒட்டிக்கோ வேட்டியை மிதித்தேன். ‘சர்ர்’ என்ற சத்தத்தோடு அது என்னைக் கைவிட்டது. தெருவுக்கு நான் வந்து சேர்ந்தபோது மேலே பட்டுச் சட்டை, கீழே கோடு போட்ட டிரவுசர், தலையில் ஹெட்போன்.

எதிர்வீட்டுச் சண்முகம் அண்ணாச்சி ஓடிவந்தார். “என்னவே மாப்ள? பாம்பா?”

“மாமா... மாமா... வாய்...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அண்ணாச்சி முகம் வெளுத்தது. “ஏலே, சாருக்கு வாய் கோணிட்டாம்லே! ஆட்டோவக் கூப்பிடு!”

அரைத் தெரு வீட்டுக்குள் புகுந்தது. கூடத்தின் நடுவில் மாமனார் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அந்தக் கையை விலக்கினார். பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

“வாய் உள்ள போயிட்டுதே! சார், பேசுங்க பாப்போம்!”

“ஒம்மும் இய்யவே! மிடும்வே!” என்றார் மாமனார்.

“பேச்சும் குழறுது! தூக்குங்கலே!”

நாலு பேர் தூக்கினார்கள். மாமனார் கைகாலை உதறினார். “வலிப்பும் வருது, கெட்டியாப் பிடி” என்றார் அண்ணாச்சி. மாமனாரின் பாதி உடம்பு ஆட்டோவுக்குள் போயிருந்தபோது, கொல்லைப்புறத்தில் இருந்த மாமியார் சத்தம் கேட்டு உள்ளே ஓடி, விஷயம் புரிந்து, ஒரு கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். ஊரே கேட்கும்படி கத்தினார்:

“ஐயோ, அவுகள விடுங்க! அவுகளுக்கு ஒண்ணுமில்ல! அவுக பல்லு இங்கன இருக்கு!”

தூக்கியவர்கள் மாமனாரைப் பைய இறக்கிவிட்டார்கள். கிண்ணத்துத் தண்ணீருக்குள் ஒரு முழுப் பல்செட் வெயிலில் மின்னியது. அதைப் பற்றி மாமியாரையும் பல் மருத்துவரையும் தவிர யாருக்கும் தெரியாது என்று பிறகுதான் அறிந்தேன். பெற்ற பெண்களுக்குக்கூடத் தெரியாதாம். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கழற்றி வைப்பார். நான் போட்ட கூச்சலில் பாதித் தூக்கத்தில் எழுந்து, மெதுவாக ஆடச் சொல்லத்தான் வந்திருக்கிறார்.

மாமனார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கதவுக்கு வெளியே வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். “மாமா, மன்னிச்சிருங்க” என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. மாடியிலிருந்து இறங்கிய உமா முதலில் அழுதாள். பிறகு என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி அழுதாள். கல்யாணம் நிலைக்குமா என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

சாயங்காலம் கதவு திறந்தது. பல்லோடு, திருநீறோடு மாமனார் வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்தப் பேயைக் காட்டுங்க, மாப்ள.”

கோமதி மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் நடந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்து கூர்ந்து பார்த்தார். மூன்றாவது திருப்பத்தில் குடைக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் சட்டென்று எட்டிப் பார்த்தது. “யாத்தே!” என்று அலறி மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அந்தப் பிடியை விடவில்லை. நானும் விடவில்லை.

கடைசியில் அந்த வாயில்லாக் கிழவர் வந்தார். மாமனார் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவனப் பாத்துட்டு என்னையும் பாத்தா, நானே ஓடித்தான் இருப்பேன்” என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்ததாக உமா இன்றும் சொல்கிறாள்.

எங்கள் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறைக்குப் பாளையங்கோட்டை போய் இறங்கினால், ஆட்டோச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வரும். எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு சத்தமாக:

“மாப்ள, ஓடிராதிய! பல்லு மாட்டியாச்சு, உள்ள வாங்க!”