சொறிக்குப் போன சோள மருந்து

எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைச் சோளக் கதிரில் கொண்டுபோய் முடிக்கத் தெரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். கடத்தூருக்குப் பக்கத்தில் நான் வாத்தியாராக இருந்த ஊரில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர் குடியிருந்தார். என் ஜாதக விசேஷம் அப்படி.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தைய வருஷங்கள் அவை. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுக்கா. விவசாய இலாகா அவருக்கு டிமான்ஸ்ட்ரேட்டர் என்று ஒரு உத்தியோகம் கொடுத்து, குடியானவர்களுக்குப் புது விவசாயம் சொல்லித்தர அனுப்பியிருந்தது. அந்தப் பட்டத்தை முழுசாகச் சொல்லி முடிக்க ஊரில் ஒருவராலும் முடியவில்லை. அவருடைய சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பெட்டி நிறைய மஞ்சள் மஞ்சளாகக் கந்தகத் தூள். ஆகவே கந்தகக்காரர் என்று வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

கந்தகம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சோளத்துக்குக் கரிப்பூட்டை என்று ஒரு நோய் வரும். கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கரித்தூள்தான் இருக்கும். அந்த நோய் விதை மேலேயே ஒட்டிக்கொண்டு வருவது. விதைப்பதற்கு முன்னால் விதையில் கந்தகத் தூளைக் கலந்து நன்றாகக் குலுக்கிவிட்டால் வராது. விஷயம் இவ்வளவுதான். நான் நாலு வரியில் முடித்துவிட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவனுக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தாலும் பிரசங்கம்தான். பாதிக் கன்னம் முடிந்த நிலையில் கையை வீசிக் கதிரின் உயரத்தைக் காட்டுவார். நாவிதர் கத்தியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு எட்டி நிற்பார். ஒருமுறை கடத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்ததும் இவர் நேரே மணவறைக்குப் போனார். ஏதோ மொய் வைக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சட்டைப் பையிலிருந்து நோய் பிடித்த கதிர் ஒன்றை எடுத்து, "இதைப் பாருங்க மாப்பிள்ளே" என்று ஒரு தட்டுத் தட்டினார். மாப்பிள்ளையின் முகம், மாலை, பட்டு வேட்டி எல்லாம் ஒரே கரி. பெண்ணின் அத்தை துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"துடைக்காதீங்கம்மா, எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கட்டும்" என்றார் இவர்.

நாங்கள் அன்றைக்குச் சாப்பிடாமல் ஊர் திரும்பினோம்.

இத்தனை ஆவேசத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய வேலை டெம்பரவரி. ஊர் கந்தகத்தை ஏற்றுக்கொண்டால்தான் காயமாகும், அதாவது நிரந்தரமாகும். வேலை காயமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவருடைய மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். கல்யாணம் ஆனதிலிருந்து மனுஷர் தன் கையால் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். அவர் சமைத்த ரசத்தில் ஒரு நாள் பெருங்காயத்துக்குப் பதிலாகக் கந்தகம் விழுந்துவிட்டது. அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று மட்டும் சொன்னார். இப்படிப்பட்டவருடைய சம்சாரம் சீக்கிரம் வந்து சேரவேண்டும் என்று நான் தீர்த்தமலையானுக்கு வேண்டிக்கொண்டேன்.

குடியானவர்கள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அவர் சொல்வதற்கெல்லாம் "செரிங்க, செரிங்க" என்பார்கள். அவர் சைக்கிளில் ஏறியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு ஆடி மாதம், பொறுமை தீர்ந்து, கந்தகத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி இனாமாகவே கொடுப்பதாகத் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார். அன்றைக்கு நடந்ததை நானே நம்பவில்லை. பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்து வரிசையில் நின்றார்கள். பக்கத்து ஊரிலிருந்துகூட வந்தார்கள். தகரப் பெட்டி காலியானது.

"வாத்தியாரே, விஞ்ஞானம் ஜெயிச்சுட்டுது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையெல்லாம் மஞ்சள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. பிள்ளைகள் அத்தனை பேர் மேலும் கந்தக நெடி. விரல் இடுக்கு, முழங்கை எல்லாம் மஞ்சள் பூச்சு. இதை நான் அவரிடம் சொன்னேன்.

"பார்த்தீங்களா, பிள்ளைங்ககூட விதை கலக்குதுங்க" என்று பூரித்துப் போனார்.

கதிர் முற்றுகிற சமயம் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். ஊர் மணியக்காரர் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். முதல் சோளக் கொல்லையில் கதிரெல்லாம் கரி. இரண்டாவதிலும் கரி. மூன்றாவது மணியக்காரருடையது. அதில் கரியைத் தவிர எதுவும் இல்லை. கந்தகக்காரரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"கந்தகம் வாங்கினீங்களா, இல்லையா?" என்றார் அதிகாரி.

"வாங்காம என்னங்க. ரொம்ப ஒசத்தியான மருந்துங்க" என்ற மணியக்காரர், தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். "சட்டையக் கழட்டிக் காட்டுங்கடா அய்யாவுக்கு. பாருங்க, ஒருத்தனுக்கு ஒரு சொறி இருக்குதுங்களா? புங்க எண்ணையில கொழச்சுத் தடவுனோம். ஒரே வாரம்."

விஷயம் அப்போதுதான் விளங்கியது. கந்தகம் சொறிக்கு மருந்து என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் எப்போதோ தெரிந்த சங்கதி. கைக்குக் கிடைக்காததுதான் குறை. அதை ஒருவர் சைக்கிளில் கொண்டுவந்து சும்மா கொடுத்தால் சோளத்திலா போடுவார்கள்?

"அய்யா, அது பயிருக்குக் கொடுத்த மருந்து" என்றார் அதிகாரி.

"புள்ளைக்கு அப்பறந்தானுங்களே பயிரு."

அதிகாரி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வழியில் ஏரிக்கரை ஓரமாக ஒரு சின்னக் கொல்லை. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒரு கதிரில்கூடக் கரி இல்லை. முத்து முத்தாக மணி. உள்ளே புகுந்து கதிர் கதிராகப் பிடித்துப் பார்த்தார்.

அது மாதையன், மாதம்மா என்ற புருஷன் பெண்டாட்டியின் கொல்லை. மாதம்மா களை பறித்த கையோடு ஓரமாக வந்து நின்றாள்.

"நீதான் விதையில கந்தகம் கலந்தியாம்மா?"

"ஆமாங்க சாமி. எல்லாரும் வாங்குனாங்க, நானும் ஒரு பொட்டலம் வாங்குனேன். தடவறதுக்கு எங்கூட்டுல புள்ள ஏதுங்க? வெதைக்குன்னுதானே இவுரு கத்திகினு போனாரு. வீணாப் போவுதேன்னு வெதையில கொட்டிட்டேன்."

அதிகாரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"உம்ம பிரசங்கத்தைக் கேட்டு ஒருத்தராவது செய்திருக்காங்களே" என்று கந்தகக்காரரைத் தேற்றினார்.

தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கே வேலை காயமாகியிருக்கும். இவர் எங்கே ஆட்டுவார்? "இல்லை சார். இந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. வருஷம் பூரா ஆம்பிளைங்ககிட்ட பேசிட்டிருந்தேன். விதையெல்லாம் பொம்பளைங்க கையில இருந்திருக்கு" என்றார்.

அதிகாரி மறுபடியும் ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தார். வருகிற ஆடியில் இந்தக் கொல்லை விதையையே ஊர் முழுக்கக் கந்தகம் கலந்து விதைத்தால் காயம் பண்ண எழுதுவதாகவும், இல்லாவிட்டால் மூட்டை கட்டலாம் என்றும் சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

அறுவடை முடிந்து, மாதம்மா வீட்டுக் குதிரில் விதை தயாராக இருந்தது. அதை வாங்க ஊருக்கும் சம்மதம். ஆடி பிறந்ததும் மணியக்காரர் ஒரு யோசனையோடு வந்தார்.

"வெதைய எங்க வூட்டுக்குக் கொண்டாந்துருங்க. எங்க வூட்டுப் பொம்பள அளந்து குடுத்துரும்."

"ஏன், மாதம்மா கொடுத்தா என்ன?"

"வெதை எடுத்துக் குடுக்கிற கை புள்ள பெத்த கையா இருக்கணும்ங்க. எங்கூரு வழக்கம் அது. பொழைக்கிற வழியப் பாருங்க சாமி."

இவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் அன்று சாயந்திரம் அவரோடு சண்டையே போட்டேன். விதை யார் கையால் போனால் என்ன, ஒத்துக்கொண்டால் உம்முடைய சம்சாரம் வந்துவிடுவாள், வாய்க்கு ருசியாக ஒரு ரசம் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னேன்.

"வாத்தியாரே, கரிப்பூட்டை விதையில ஒட்டிக்கிட்டு வருது. அதை நான் கண்ணால பார்த்திருக்கேன். அந்தம்மா கையில என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு நீங்க எனக்குக் காட்டுங்க, அதுக்கும் கந்தகம் போட்டுடறேன்."

மாதம்மாவே வந்து, "எனக்காவ வேணாங்க சாமி, குடுத்துருங்க" என்று கெஞ்சினாள். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

மழை பெய்தது. உழவு முடிந்தது. ஒருவரும் வரவில்லை. வழியில் போகிறவர்கள் "என்னங்க, சௌக்கியமுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இவர் பிரசங்கத்தைக்கூட நிறுத்திவிட்டார். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

வயிற்றெரிச்சல் பேச்சாகத்தான் இதை அவரிடம் ஒரு நாள் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மறுபடியும் சொறி புறப்பட்டுவிட்டது, நான் வாய்ப்பாடு சொல்கிற சத்தத்தைவிடப் பிள்ளைகள் சொறிகிற சத்தம் பெரிதாக இருக்கிறது என்றேன். கந்தகக்காரர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். தெருத்தெருவாக அவர் குரல் கேட்டது.

"விதைக்கு ஒரு பொட்டலம், சொறிக்கு ஒரு பொட்டலம். ரெண்டும் மாதம்மா கையாலதான். விதை வாங்காதவங்களுக்குச் சொறி மருந்து கிடையாது."

மணியக்காரர் அவர் முன்னால் ஓடி, "இது நாயமுங்களா?" என்று கேட்டார்.

"புள்ளைக்கு அப்பறந்தானுங்களே வழக்கம்" என்றார் இவர்.

முதலில் வந்தது மணியக்காரரின் சம்சாரம்தான். ஒரு கையில் முறம், இன்னொரு கையில் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு அழுகிற கடைசிப் பிள்ளை. மாதம்மா படியில் சோளத்தை அள்ளிவிட்டு அப்படியே நின்றாள். கந்தகக்காரரைப் பார்த்தாள். அவர் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்.

"போடு மாதம்மா. புள்ள அரிக்குதுன்னு கத்துது, நீ என்னான்னா நின்னுகினு இருக்க" என்றாள் மணியக்காரரின் சம்சாரம்.

மாதம்மா போட்டாள். அதற்குள் மணியக்காரரின் சம்சாரத்துக்குப் பின்னால் இன்னும் பல முறங்கள் வந்துவிட்டன. பொழுது இறங்குவதற்குள் குதிர் காலி. மாதம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மஞ்சள். அன்றைக்கு அவள் கையைக் கழுவவே இல்லை என்று மாதையன் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

அந்த வருஷம் கரி பிடித்த கதிரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வேலை காயமாகி உத்தரவு வந்தது. மாமனாரும் மனம் இரங்கினார். தஞ்சாவூர்ப் பெண் கடத்தூர் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்கள் தெருவில் வந்து இறங்கினாள். ஊர்ப் பெண்கள் ஆரத்தி கரைத்துத் தயாராக நின்றார்கள். தட்டு மணியக்காரரின் சம்சாரம் கையில் இருந்தது. அவள் பெண்ணைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற மாதம்மாவைப் பார்த்தாள்.

"அங்க என்ன பண்ற? வா இங்க. நீ சுத்து" என்று தட்டை அவள் கையில் கொடுத்தாள்.

மாதம்மா ஆரத்தி சுற்றினாள். கந்தகக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அடுத்த வீட்டுக்காரனாக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் அப்புறம் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன், அப்படி ஒரு அடுத்த வீடு எனக்கு வாய்க்கவே இல்லை.