இரண்டால் வகுத்தால் ஒருமனது

ஜனநாயகம் மக்கள் கையில் இருப்பதாகப் பலரும் சொல்வார்கள். சுத்தத் தவறு. அது கைக்கணக்கரின் கையில் இருந்தது. மன்றத்தில் உறுப்பினர்கள் கை தூக்கும்போதெல்லாம், தூணோரம் நின்று பென்சில் முனையை ஆட்டி ஆட்டி அந்தக் கைகளை எண்ணுவது அவர் உத்தியோகம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கை கூடியதில்லை, குறைந்ததில்லை. அந்தப் பெருமையில் வீட்டுக்காரி துவைத்துப் போட்ட சட்டைகளைக்கூட மறுபடி எண்ணுவார்.

அப்பேர்ப்பட்ட மன்றத்துக்கு ஒரு காலை ராணுவம் விஜயம் செய்தது. ஆட்சியைப் பிடிக்கவா? சேச்சே! ஜனநாயகத்துக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, ஆறு மாதம் கூடவே இருந்து 'பார்த்துக்கொள்ள'. அதற்கும் ஓட்டெடுத்தே ஆக வேண்டுமென்று தளபதி பிடிவாதம் பிடித்தார். சட்டத்தை மதிக்கும் மனிதர். டாங்கியைக்கூட வண்டி நிறுத்துமிடத்தில், கோட்டுக்குள்தான் நிறுத்தியிருந்தார்.

"ஆதரிக்கிறவங்க கை உயர்த்தலாம்" என்றார் அவைத் தலைவர், கம்மிய குரலில்.

வாசலில் நின்ற சிப்பாய்க்கு உதவும் குணம். பின்வரிசைக்குக் கேட்டிருக்காதென்று துப்பாக்கியை நிமிர்த்தி, "கையைத் தூக்கு!" என்று ஒரு சத்தம் போட்டான்.

நூற்றுப் பத்தொன்பது பேரும் தூக்கினார்கள். இரண்டு கையையும்.

கைக்கணக்கர் எண்ணினார். விதிப்புத்தகம் கையை எண்ணச் சொல்கிறதே தவிர ஆளை எண்ணச் சொல்லவில்லை. இருநூற்று முப்பத்தெட்டு. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து, அவர் மனைவியின் தம்பி தூக்கிய கைகளோடு கிசுகிசுத்தான்.

"மச்சான், நடந்ததை நடந்தபடி எழுதுங்க. இன்னிக்கு உங்க பென்சிலை விட்டா எங்களுக்கு நாதியில்ல."

கைக்கணக்கர் எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டுப் பென்சிலை நிறுத்தினார். எழுதினால் வேலை போகும், ஆளே போகலாம். எழுதாவிட்டால் முப்பத்தொரு வருஷம் போகும்.

தளபதி தாளை வாங்கிப் பார்த்தார். "நூத்திப் பத்தொம்பது பேருக்கு இருநூத்தி முப்பத்தெட்டு ஓட்டா?"

"கை அவ்வளவு இருக்குதுங்க, ஐயா. ஒரு கையைத் தூக்கினா ஓட்டு. ரெண்டையும் தூக்கினா..."

"தூக்கினா?"

மன்றமே அவர் வாயைப் பார்த்தது. சிப்பாயும் பார்த்தான், துப்பாக்கி வழியாக.

"ரெட்டை ஆதரவுங்க."

"பலே! ஆனா வெளிநாட்டுக்காரன் சிரிப்பான். பாதியாக்கிடு."

கைக்கணக்கர் இரண்டால் வகுத்தார். மீதி எதுவும் மிஞ்சவில்லை. 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மைத்துனன் அதன்பிறகு அவரை மச்சான் என்று கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தூரத்தில் ராணுவம் அவனை வைத்திருக்கவும் இல்லை. வீட்டுக்காரி சட்டை துவைப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆறு மாதம் ஆயிற்று. ராணுவம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டும் ஜனநாயகம் தேறவில்லை. கெடுவை நீட்டிக்க மறுபடி ஓட்டெடுப்பு. இந்த முறை கைக்கணக்கர் முடிவோடு வந்திருந்தார். இரண்டு கையைத் தூக்கினால் அதற்கு என்ன பெயரோ, அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது. பென்சிலைக்கூடக் கூராகச் சீவியிருந்தார்.

"கையைத் தூக்கு!" என்றான் சிப்பாய். பிறகு தூணோரம் திரும்பி, "யோவ், நீயும்தான்!"

பென்சில் கீழே விழுந்து உருண்டது. கைக்கணக்கரின் கைகள் இரண்டும், அவரைக் கேட்காமலே, மேலே போயின.

"ஐயா, நானும் தூக்கிட்டா... எண்ணுறது யாருங்க?"

தளபதி அவர் தோளில் வாஞ்சையோடு தட்டினார்.

"இனிமே எதுக்குய்யா எண்ணணும்? போன தடவை நீ எழுதிக் குடுத்ததையே ஆறு மாசத்துக்கு ஒருக்கா போட்டுக்கறோம். உன் கணக்குதான் தப்பினதே இல்லையாமே!"