ஆறடிச் சுவரை நாலடியாக்குவது எப்படி

மஸ்கெலியா,
வைகாசி மழைக்கு முன்.

அன்புள்ள மாப்பிள்ளை தரணிதரனுக்கு,

மாமா தம்பையா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் ஜீவராணியும் சுகமாக இருக்கத் தோட்டத்து மாரியம்மன் துணை.

பொங்கலுக்கு வந்தபோது கேட்டீர்கள்: "நம்ம காணியில நாம தடுப்புச்சுவர் கட்ட எதுக்கு மாமா பிரதேச சபைக்குப் போகணும்?" அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும், போக வேண்டியதில்லை. வலப்பனையில் நீங்களும் கட்டப்போவதால் விவரமாக எழுதுகிறேன்.

போன மழையில் நம்ம பின்முற்றத்து ஓரம் இடிந்து, கீழ்வீட்டுச் சின்னராசாவின் கோழிக்கூட்டில் போய் உட்கார்ந்தது. அடுப்படிச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு. இன்னொரு மழைக்கு அடுப்படியும் அதே வழியில் போகும் என்று அத்தை அடுப்பை முன்னறைக்கு மாற்றிவிட்டாள், வீடெல்லாம் புகை. சரியென்று கருங்கல்லில் சுவர் கட்டினேன். நம்ம முற்றத்தில் நின்று பார்த்தால் முழங்கால் உயரம்தான். சபையிலிருந்து வந்த அதிகாரியோ நம்ம முற்றத்தில் நிற்கவே இல்லை, நேரே சின்னராசா பக்கம் இறங்கி அங்கேயிருந்து டேப்பைப் பிடித்தார். ஆறடி. நாலடிக்கு மேல் போனால் அனுமதி வேண்டும், அதற்கு மண்சரிவு அறிக்கை வேண்டும், அதற்குத் தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் உடைக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷன், தேத்தண்ணியும் குடித்தார்.

ஆளைக் குட்டையாக்கத் தலையை வெட்ட வேண்டாம், காலைப் புதைத்தால் போதும் என்று வகுப்பில் உதாரணம் சொல்வேன். அதுபோலச் சுவரின் காலடியில், கோழிக்கூடு நின்ற இடம் முழுக்க, இரண்டடி மண் போட்டேன். அந்த மண் சரியாமல் இருக்கச் சின்னராசாவின் நாலடி ஓரச்சுவரையும் இரண்டடி உயர்த்தினோம். அதிகாரி திரும்ப வந்து அளந்தார். நாலடி. "ஹரி மாஸ்டர்" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தை அடுப்பை உள்ளே கொண்டுபோனாள். ஆனா சின்னராசா மனைவி ராக்காயி ஓரத்தில் எட்டிப் பார்த்துட்டு வந்து கேட்டாங்க:

"மாஸ்டர், ஒங்க செவரு குட்டையாயிருச்சு, எங்க செவருல்ல வளந்திருச்சு. இனி அந்தாளு டேப்பைத் தூக்கிக்கிட்டு சிவசாமி அண்ணன் வீட்டுக்குத்தானே எறங்குவாரு?"

அதனாலென்ன, அவர்களுக்கும் கீழ்வீடான சிவசாமி பக்கமும் இரண்டடி போட்டோம். அதற்குக் கீழே ஆறுதான். ஆற்றுக்குள் நின்று அளக்க யாரும் வர மாட்டாங்க.

ஆகவே மாப்பிள்ளை, சபையைத் தேடாதீர்கள், மண்ணைத் தேடுங்கள். ஜீவராணிக்கு எங்கள் ஆசி. அடுப்படியில் சோறு வேகிறது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாமா தம்பையா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மேல்வீட்டுத் திலக்ஷன் வந்தான். நம்ம முன்வாசலில் இறங்கி நிற்கிற அவன் சுவரும் ஆறடியாம். "ஒங்க உதாரணந்தான் மாஸ்டர், ஒங்க வாசல்ல ரெண்டடி மண்ணு போட்டுக்கவா?" என்கிறான். போட்டால் முன்கதவு திறக்காது, அத்தை ஜன்னல் வழியாகத்தான் அடுப்படிக்குப் போகணும். நாளைக்கு நாலு வீட்டாரும் ஒன்றாகச் சபைக்குப் போகிறோம், அனுமதி கேட்க. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கல் இறக்கும் முன்னே கீழ்வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் வீட்டை அண்ணாந்து பாருங்கள்.