பின்னால் யாரோ நிற்கிறார்கள்

இனிமேல் தன் காரைப் பின்னால் எடுக்க இந்த உலகத்தில் எந்த ஜீவனுடைய தயவும் தனக்கு வேண்டியதில்லை என்று அருள்முருகன் முடிவு செய்தது ஒரு காலை நேரத்தில், லிஃப்ட் வாசலில்.

காரணம், தரைத்தளத்து எகிப்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிரிப்பு என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படாத முகம். அன்றைக்கு அவர் வழக்கமான சலாமை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டி, அசல் கோபிசெட்டிபாளையத்துத் தமிழில், "வாங்க வாங்க வாங்க வாங்க... போதுங்க" என்றார். அப்புறம் சிரித்தார்.

வருஷக்கணக்காகத் தன் ஜன்னல் வழியே தினமும் அவர் கேட்டுவந்த பாடம் அது. குவைத்தில், ஃபஹாஹீலில் அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடம் குறுகல். அருள்முருகனின் காருக்கு நேர் பின்னால் ஒரு பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி. அதை ஒட்டி ஒரு விளக்குக் கம்பம். இரண்டுக்கும் இடுக்கில் காரை வெளியே எடுக்க வேண்டுமானால் பின்னால் ஓர் ஆள் நின்று சொல்ல வேண்டும். அந்த ஆள் அவருடைய மனைவி ஜோதிமணி. மூன்றாம் மாடியிலிருந்து அவர் கூடவே இறங்கி வருவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நிற்பாள். அவள் "வாங்க" என்றால் வரலாம். "போதுங்க" என்றால் இடித்தாயிற்று என்று அர்த்தம்.

"இடிக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்குத்தான் அம்முணி உன்னை நிக்கச் சொல்றது."

"முன்னாடி சொன்னா நீங்க கேக்கறதில்லீங்களே. இன்னம் எடம் இருக்குதும்பீங்க. இடிச்சாத்தான நம்பறீங்க."

நடுவில் ஊரில் படிக்கிற மகளைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் வேறு செய்திகளும் வரும். "வாங்க வாங்க... சம்யுக்தா பேசுனாளுங்க, ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்லியாமா... இன்னம் வாங்க... பருப்பு தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க... நீங்க இந்தச் சட்டையவா போட்டீங்க... போதுங்க." கார் தெருவுக்கு வருவதற்குள் ஒரு நாளைக்கான குடும்பம் நடந்து முடிந்துவிடும். சாயந்தரம் அவர் டூட்டி முடிந்து வரும்போது உடம்பில் கட்டிட வேலை சைட்டின் புழுதியும் வாயில் கொட்டாவியும்தான் மிச்சம் இருக்கும். சாப்பாடு, டிவி, தூக்கம்.

எகிப்துக்காரர் சிரித்த வாரமே அருள்முருகன் ஷுவைக் பக்கம் போனார். கார்ச் சாமான் கடைக்காரன் பின் பம்பரில் ஓட்டை போட்டு, சட்டைப் பொத்தான் போல நான்கு கறுப்பு வட்டங்களைப் பதித்தான். அதற்குச் சென்சார் என்று பெயர். டிக்கிக்குள் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை ஒட்டி வயரைச் செருகினான். பின்னால் ஏதாவது இருந்தால் பெட்டி கத்தும். நெருங்க நெருங்க வேகமாகக் கத்தும். ரொம்பவும் நெருங்கினால் மூச்சு விடாமல் கத்தும்.

"பின்னாடி யாரும் நிக்க வேண்டியதில்லையா?" என்று கேட்டார்.

"மாஃபி" என்றான் கடைக்காரன். "யாருமே வேண்டாம்."

மறுநாள் காலை ஜோதிமணி வழக்கம்போல் செருப்பை மாட்டினாள்.

"வேண்டாம் அம்முணி. கலாஸ், முடிஞ்சுது. இனிமே பொட்டி பாத்துக்கும்."

"பொட்டிக்குக் கண்ணிருக்குதுங்களா?"

"கண்ணு இல்லை. காது மாதிரி."

"போச்சாதுங்க, இருக்கட்டும். நம்மூட்டுல அதுக்காச்சும் காது இருக்குதே."

செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். அதற்கப்புறம் அந்தச் செருப்பு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெளியே போனது.

அருள்முருகன் ராஜாவானார். ரிவர்ஸ் கியர் போடுவார். பீப், பீப், பீப்பீப்; நிறுத்துவார்; ஒடிப்பார்; வெளியே வந்துவிடுவார். எகிப்துக்காரரின் ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார். கார் பின்வாங்கும்போது முன் கண்ணாடியில் கட்டிடம் முழுக்கத் தெரியும். மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு கை அசையும். டாட்டா காட்டுகிறாள் என்று எண்ணிக்கொள்வார். திரும்பக் காட்ட அவருக்குக் கை ஒழியாது.

பிறகு குளிர் வந்தது.

குவைத்தில் குளிரும் என்று கோபியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடலிலிருந்து மூடுபனி எழுந்து வந்து தெருவில் உட்கார்ந்துகொள்ளும். அகமதி பக்கத்து எண்ணெய்க் கிணறுகளின் நெருப்பு அதற்குள் மங்கலாக, யாரோ அணைக்க மறந்துபோன அடுப்பைப் போல எரியும். காலையில் கார்களெல்லாம் வியர்த்து நிற்கும்.

அப்படி ஒரு காலையில் அவர் ரிவர்ஸ் கியர் போட்டதும் பெட்டி மூச்சு விடாமல் கத்தியது. இறங்கிப் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. ஏறினார், கத்தியது. பூனையோ என்று குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். பூனைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். குப்பைத்தொட்டி எட்ட நின்றது. கம்பம் அதற்கும் அக்கட்டால் நின்றது. மறுபடி ஏறினார். பின்னால் யாரோ நிற்கிறார்கள், தொட்டுவிடும் தூரத்தில் நிற்கிறார்கள் என்று பெட்டி சத்தியம் செய்தது. பனியைத் தவிர அங்கே யாருமே இல்லை.

கடைசியில் செல்போனை எடுத்தார்.

"அம்முணி, கொஞ்சம் கீழ வா."

அவருடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கியிருக்க வேண்டும்; மூச்சு வாங்கியது.

"என்னுங்க?"

"பின்னாடி யாரோ நிக்கறாங்கன்னு சொல்லுது."

"நாந்தான் நிக்கறேன்."

"நீ வர்றதுக்கு முந்தியே சொல்லுச்சு."

"அப்ப நான் வருவேன்னு அதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்குதுங்க." குனிந்து பம்பரைப் பார்த்தாள். முந்தானை நுனியால் எதையோ ஒற்றினாள். பெட்டி சட்டென்று வாயை மூடியது. "பனித்தண்ணிங்க. பொத்தான் மேல சொட்டா நிக்குது. அதைத்தான் ஆளுன்னு நெனச்சுக்குது, பாவம்." பிறகு நிமிர்ந்து, பின்னால் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "வாங்க வாங்க... சம்யுக்தாவுக்குப் பரிட்சை முடிஞ்சுதுங்க... வாங்க..."

அன்றிலிருந்து பெட்டி தினமும் கத்தியது. அருள்முருகனும் தினமும் மிஸ்டு கால் கொடுத்தார். ஒரு மணி அடித்து நின்றால் கீழே வா என்று பொருள். பேசினால்தானே காசு. ஒரு துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வண்டியை எடுக்கலாமே என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் குளிரில் இறங்கிக் குனிவதைவிட மிஸ்டு கால் சுலபம்.

பொங்கல் கழிந்து ஒரு நாள். பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று அடித்தது. பனி என்பது பேச்சுக்குக்கூட இல்லை. எல்லாக் கார்களும் காய்ந்து கிடந்தன. அவருடைய காரின் பின்புறம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாளியோடு காதர் மைதீன் நின்றான். கட்டிடத்துக் காவல்காரன், ராமநாதபுரத்துப் பையன். காலையில் கார் கழுவுவதும் அவன்தான்.

"என்னப்பா, பின்னாடி மட்டும் துடைக்காம விட்டிருக்கே?"

காதர் மைதீன் வாளியைப் பார்த்தான். "அக்காதான் சார் சொன்னாக. முன்னாடியெல்லாம் தொடச்சிரு, பின்னாடி மட்டும் கடைசியாத் தண்ணிய ஊத்தி அப்பிடியே விட்ருன்னு."

"எப்பருந்து?"

"பெருநாளுக்கு முன்னாடி இருந்தே."

"ஏன்னு கேக்கலியா?"

"கேட்டேன் சார். வண்டிக்குச் சூடு ஆகாதுன்னாக."

"இந்தக் குளிர்லயா?"

"அதையும் கேட்டேன். காபி குடுத்தாக. அப்பறம் நான் கேக்கலை."

அருள்முருகன் விறுவிறுவென்று லிஃப்டுக்குப் போனார். மூன்று மாடி ஏறுவதற்குள் கேட்க வேண்டியதை வரிசையாக அடுக்கிக்கொண்டார். ஏமாற்று வேலை. ஊர் சிரிக்கிற வேலை. டூட்டிக்கு நேரமாகிறது என்ற நினைப்பு இருக்கிறதா. ஷுவைக் போய்த் துளை போட்டது எதற்காக. கடைசிக் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது என்பதுவரை முடிவாகிவிட்டது.

மணியை அழுத்தக் கை நீட்டினார். கதவு திறந்தது.

ஸ்வெட்டரும் செருப்பும் போட்டுக்கொண்டு, கையில் செல்போனோடு நின்றாள் ஜோதிமணி. கதவுக்குப் பின்னாலேயே ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"மிஸ்டு கால் வரலீங்களே. நீங்களே வந்துட்டீங்க?"

தலை வாரி, பொட்டு வைத்து, வெளியூருக்குப் புறப்பட்டவள் போலிருந்தாள். குப்பைத்தொட்டி வரைக்கும் போய் வருவதற்கு.

அடுக்கி வைத்தவை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "பர்ஸை மறந்துட்டேன்" என்றார்.

"பொறத்தாலப் பாக்கெட்டுல இருக்குதுங்க."

"ஓ."

"போலாங்களா?"

இருவரும் ஒன்றாகக் கீழே இறங்கினார்கள். காதர் மைதீன் வாளியோடு எங்கோ மறைந்துவிட்டான். பெட்டி மூச்சு விடாமல் கத்தியது. "வாங்க வாங்க" என்றாள் அவள். அருள்முருகன் வந்தார்.

எந்தக் குளிரும் நிற்பதில்லை. மார்ச் பிறந்ததும் காலை ஏழு மணிக்கே வெயில் தோளில் கை போட்டது. காதர் மைதீன் ஊற்றிய தண்ணீர், அவன் வாளியைக் கீழே வைப்பதற்குள் காய்ந்தது. ஒரு நாள் அருள்முருகன் ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பெட்டி பேசவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தானே எடுத்தார். குப்பைத்தொட்டி அருகே மட்டும் அது யோக்கியமாக இரண்டு முறை சொன்னது.

தெருவில் காரை ஒடிக்கும்போது மூன்றாம் மாடி ஜன்னல் தெரிந்தது. கை அசைந்தது. விரல்கள் நான்கும் உள்பக்கமாக மடங்கி மடங்கி, மெதுவாக. அது டாட்டா அல்ல. வாங்க வாங்க வாங்க. எப்போதுமே அதுதானாக இருந்திருக்க வேண்டும்.

அன்றைக்குச் சைட்டில் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சுற்றிலும் நாற்பது பேர் இந்தியில் பாய் பாய் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை சத்தத்திலும் அவர் காதில் எதுவோ குறைந்தது.

மறுநாள் காலை காருக்குள் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்தார்.

"அடிக்குதுங்களா?" என்று வந்து கேட்டாள்.

"அடிக்குது."

"பனியே இல்லீங்களே."

"பனி இல்லாமயும் அடிக்குது."

"எனக்குக் கேக்கலீங்களே."

"உள்ள உக்காந்தாத்தான் கேக்கும்."

அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பின்னால் போய் நின்றாள். "வாங்க வாங்க வாங்க..."

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜோதிமணியை அவர் ஏமாற்றி ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ருசி கண்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் பொய்யை மெருகேற்றினார். இன்னைக்கு விட்டு விட்டு அடிக்குது என்பார். இன்னைக்கு ரொம்ப மோசம் என்று சொல்லி, கன்னத்தை உப்பி, பீப்பீப்பீ என்று அடித்தே காட்டுவார். அவளும் ஐயோ பாவம் என்பாள். வெயில் ஏறியது. ஸ்வெட்டர் போய்க் குடை வந்தது. எகிப்துக்காரரை லிஃப்ட் வாசலில் பார்த்தால் இப்போது அருள்முருகனே கையை ஆட்டி, "வாங்க வாங்க" என்றார்.

மே மாதத்தில் ஒரு நாள் பொய்க்கு முத்திரை குத்த ஆசைப்பட்டார்.

"இன்னைக்குச் சாயந்தரம் ஷுவைக் போறேன் அம்முணி. எங்க பாத்தாலும் ஆளிருக்குதுங்குது. இந்தப் பொட்டியக் குடுத்தவனை நாலு கேள்வி கேக்காம விடறதில்லை."

"சரிங்க, போயிட்டு வாங்க" என்று சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள்.

மதியம் சைட்டில் தூக்கைத் திறந்தார். ஊறுகாய் இருக்க வேண்டிய மேல் தட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வயரை அழகாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

மிஸ்டு கால் கொடுக்கத் தோன்றவில்லை. கூப்பிட்டே பேசினார்.

"அம்முணி... இதை எப்பக் கழட்டுனே?"

"பனி நின்னு நீங்களே வண்டிய எடுத்தீங்கல்லீங்க, அன்னைக்குச் சாயந்தரம். குப்பை போட வந்தேன், இன்னொரு சாவி இருந்துதுல்ல."

"எதுக்கு?"

"அடிக்காமப் போனா, கெட்டுப்போச்சுன்னு என்னையக் கூப்புடுவீங்கன்னு கழட்டுனேன். நீங்க என்னடான்னா, அடிக்குதுன்னு கூப்புட்டீங்க."

கன்னத்தை உப்பி அடித்துக்காட்டிய அத்தனை பீப்பீப்பீயும் வரிசையாக அவர் கண் முன்னால் வந்து நின்றன. எதிரே சோற்றில் ஓர் ஈ உட்கார்ந்தது. அதைக்கூட அவர் விரட்டவில்லை.

"அப்ப தெனமும் தெரிஞ்சேவா எறங்கி வந்தே?"

"நீங்க கூப்புட்டீங்களேங்க" என்றாள் ஜோதிமணி. "கடைக்குப் போறேன்னீங்களேன்னுதான் குடுத்து உட்டேன். ஊறுகா அடித்தட்டுல இருக்குது, பாத்துச் சாப்புடுங்க."