தம்ளரில் கரைந்த ராஜா

பெண் பார்க்கப் போகிறவன் பையில் பூதக்கண்ணாடி கொண்டுபோகக் கூடாது. நான் கொண்டுபோனேன். (பெண்ணைப் பார்ப்பதற்காக அல்ல. எப்போதும் என் சட்டைப் பையிலேயே கிடக்கும்.)

அப்போது நான் பினாங்கு துறைமுகத்தருகே ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. கடிதங்களுக்கு ஸ்டாம்பு ஒட்டி ஒட்டி எனக்கு ஸ்டாம்புப் பைத்தியம் பிடித்திருந்தது. கள்ள ஸ்டாம்பைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் கடலை மடித்துக் கொடுத்த ஒரு இங்கிலீஷ் காகிதத்தில் படித்தேன். 'போலியைத் தண்ணீரில் போட்டால் சாயம் கரையும்' என்று இருந்தது. அதற்குமேல் காகிதம் கிழிந்திருந்தது. மீதி வாக்கியம் வேறு யாருடைய கடலையோடோ போய்விட்டது. இந்த அரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்னை நான் பெரிய நிபுணன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா சுப்பையா, பினாங்கு ஸ்ட்ரீட்டில் காகிதமும் மைக்கூடும் விற்கும் கடைக்காரர். சர்க்கார் அனுமதியோடு ஸ்டாம்பும் விற்றார். வீடு கடைக்குப் பின்னாலேயே. அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த அக்காவும் அத்தானும் என்னோடு வந்திருந்தார்கள். மரியாதைக்காக எதிர்க்கடைக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். கேசரி முடிந்தது, பேச்சும் முடிந்தது. சங்கடத்தைப் போக்க சுப்பையா எழுந்துபோய், கடை மேசையிலிருந்து ஒரு ஸ்டாம்புத் தாளை எடுத்துவந்தார்.

"மாப்பிள்ளைக்கு ஸ்டாம்புன்னா உசிராமே. பாருங்க, எல்லாம் புதுசு."

பூதக்கண்ணாடி வெளியே வந்தது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "சும்மா இரு லா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கேட்டேனா? ஊதா நிறப் பத்துக்காசு ஸ்டாம்பு ஒன்றைக் கிழித்துத் தண்ணீர்த் தம்ளரில் போட்டேன். அதில் அச்சிட்டிருந்த ராஜாவின் தாடி முதலில் கரைந்தது, பிறகு கன்னம். தண்ணீர் நாவல்பழ நிறமாயிற்று.

"மாமா, இது கள்ள ஸ்டாம்பு," என்றேன். கவர்னர் எனக்கு மெடல் குத்துவது கண்முன்னே தெரிந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. நேரே போய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். 

"பெரிய தபாலாபீஸ்லதான் தம்பி வாங்கினேன். நடுவுல யாராச்சும் மாத்திட்டானா? எத்தனை பேருக்கு வித்திருக்கேன். போலீஸ் மாத்தா வந்து புடிச்சா, நான் திருடன் இல்லேன்னு யாரு நம்புவா?"

எதிர்க்கடைக்காரர் மெல்ல எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கினார். என் மெடல் கொஞ்சம் கனத்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அப்பா, அவங்ககிட்ட இருக்கிற ஸ்டாம்பையும் போடச் சொல்லுங்க."

என் பர்ஸில் ஒரு ஊதா இருந்தது. அன்று காலை பெரிய தபாலாபீஸ் ஜன்னலில் நானே காசு கொடுத்து வாங்கியது. என்னுடையது கரையாது என்ற தைரியத்தில் போட்டேன். அவருடையதைவிட வேகமாகக் கரைந்தது. எதிர்க்கடைக்காரர் செருப்பை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அத்தான் பதற்றத்தில் எதிரில் இருந்த தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். ஊதாத் தம்ளரை. அவர்களை அக்கரையில் விடப் படகில் போனபோது அவர் வாயே திறக்கவில்லை. கோபத்தினாலா நாக்கின் நிறத்தினாலா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் தபாலாபீஸ் ஜன்னலில் விசாரித்தேன். கிராணி சிரித்தார். "முத்திரை குத்தின ஸ்டாம்பைக் கழுவி மறுபடி ஒட்டுறானுங்கன்னு சர்க்காரே கரையிற மைதான் போடுது. ஊதா ஸ்டாம்பு கரையலேன்னாத்தான் தம்பி சந்தேகப்படணும்."

நேராகப் பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கடை கொள்ளாத கூட்டம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் முந்தின நாள் அவர் சாத்திய அந்தக் கடைக்கதவு கண்ணைவிட்டு அகலவில்லை. "மாமா, உங்க ஸ்டாம்பு எல்லாம் நல்ல ஸ்டாம்பு. நான்தான் தெரியாம உளறிட்டேன்," என்றேன், எதிர்க்கடைக்கும் கேட்கும்படி. அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். எதிர்க்கடைக்காரர் வாயால் தம்ளர் கதை ஏற்கெனவே தெருவெல்லாம் பரவியிருந்தது; கடையே சிரித்தது.

கல்யாணம் நடந்தது. ஏன் சம்மதித்தாய் என்று தங்கம்மாவை ஒருநாள் கேட்டேன்.

"கடை நெறைய ஆள் இருக்கும்போது வந்து சொன்னீங்க. ஆளில்லாத நேரமாப் பாத்து வந்திருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க யாராவது வந்தால், எல்லோர் முன்னாலும் தண்ணீர் இருக்கும், என் முன்னால் மட்டும் இருக்காது. தாகம் என்று கேட்டால் தங்கம்மாவே கொண்டுவருவாள். நான் கடைசிச் சொட்டுவரை குடித்துத் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.