கூழுக்கு முத்திரை

கல்லங்காடு என்றொரு ராஜ்யம். அங்கே ஒரு மன்னர் இருந்தார், அவருக்குக் கொஞ்சம் மந்திரிகள் இருந்தார்கள், மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் கல் உடைத்தார்கள். உடைத்த கல்லில் அரண்மனைக்கு ஆண்டுதோறும் ஒரு மாடி ஏறியது. உடைத்தவர்கள் வயிற்றில் காலையில் ஒரு சொம்பு கேப்பைக் கூழ் இறங்கியது. இதற்குப் பெயர் நல்லாட்சி என்று அரண்மனை வாசலில் செதுக்கியிருந்தார்கள். செதுக்கியவனும் கூழ் குடித்தவன்தான்.

அந்தக் கூழை ஊற்றியவள் ஒச்சம்மா. பொழுது விடியுமுன் பானையைத் தலையில் சுமந்துவந்து பெரிய கல்குழியின் விளிம்பில் இறக்குவாள். அவளும் படிபடியாக வெட்டி இறக்கிய அந்தக் குழிக்குள், மேலிருந்து முதல் படியில் நின்று வருஷக்கணக்கில் கல் உடைத்தவள். புருஷனுடைய வலது கை பாறைக்கடியில் போனபிறகு மேலே வந்துவிட்டாள். வீட்டில் இருந்த அத்தனை வயிற்றுக்கும் அந்தப் பானைதான் கதி.

வராத போருக்காக மன்னர் சேர்த்து வைத்திருந்த தானியம் ஒரு மழைக்காலத்தில் புழுத்துப்போனது. கொட்டினால் அவமானம். அரைத்துக் கரைத்து விற்றால் திட்டம். பெயர்த்துறை மந்திரி விசயகீர்த்தியார் தலைமையில் குழு கூடி, புதிய சரக்குக்கு ‘வீரதீரத் திரவம்’ என்று பெயர் வைத்தது. யானைமேல் வைத்து ஊர்வலம் விட்டார்கள்.

கல்குழியில் கொம்பையா என்ற கல்லுடைப்பவன் அதை மோந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வயித்தாலே போனா குடுப்பாங்களே, அதுவா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை.

மந்திரி மனம் தளரவில்லை. "பிழை நம் சரக்கில் இல்லை, பெயரில் இருக்கிறது," என்று சபையில் விளக்கினார். "ஜனங்கள் கூழ் என்ற சொல்லைத்தான் குடிக்கிறார்கள். அந்தச் சொல்லையே நாம் எடுத்துக்கொண்டால் குடிப்பதற்கு அவர்களுக்கு வேறு வழி இராது."

முத்திரை குத்திய பெயரை அதன் உடைமையாளர் தவிர வேறு யாரும் சொல்லி விற்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் ஊர் வாயில் புழங்குகிற சொல்லுக்கு முத்திரை கிடையாது என்றும் அதே சட்டத்தில் ஒரு வரி இருந்தது. மன்னரின் கொள்ளுத்தாத்தா தெளிவாக இருந்த ஏதோ ஒரு நாளில் எழுதியது.

"அப்படியானால் புழக்கத்தை நிறுத்துவோம்," என்றார் மந்திரி.

அடுத்த அறுவடை வரைக்கும் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கலாகாது, மீறினால் பானை உடைக்கப்படும் என்று ஆணை வந்தது. ஒச்சம்மா கூவாமல் விற்றாள். "மதினி, அது இருக்கா?" என்று கேட்டு ஆட்கள் வாங்கினார்கள். சில வாரத்தில் ‘அது’ என்ற சொல்லும் தடைசெய்யப்பட்டது. கையைக் காட்டிக் கேட்டார்கள். பானையைச் சுட்டுவது ராஜதுரோகம் ஆனது. பசியில் அழுத பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். வெறும் வயிற்றோடு சம்மட்டி தூக்கியவர்கள் கல்லுக்குப் பதிலாகக் காலில் போட்டுக்கொண்டார்கள். காயம்பட்டோர் கூடுவது உழைப்பின் வேகத்தைக் காட்டுகிறது என்று அரண்மனை பெருமைப்பட்டது.

அறுவடை முடிந்தது. சட்டப்படி, ஜனம் அதிகம் கூடியிருக்கும் இடத்தில் கட்டியக்காரன் அந்தச் சொல்லைக் கூவ வேண்டும். ஊர் அதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் சொல் செத்தது என்று பொருள், முத்திரை குத்தலாம். புது மாடிக்குக் கல் அவசரம் என்பதால் ஊரே குழிக்குள் கிடந்தது. எனவே மந்திரியின் பல்லக்கு குழியின் விளிம்புக்கு வந்தது.

ஒச்சம்மா மூடிய பானையோடு ஓரமாக நின்றாள். முத்திரை விழுந்தால் நாளையிலிருந்து அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. குனிந்து குழிக்குள் பார்த்தாள். இவளிடம் வாங்கிக் குடித்த அத்தனை பேரும் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். 'வாயில கொழுக்கட்டைய வச்சிருக்கானுக' என்று மனதுக்குள் வைதாள்.

கட்டியக்காரன் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் குழியைப் பார்த்துக் கூவினான்: "கூழ்!"

கல்குழியில் ஒரு பழக்கம் உண்டு. மேலிருந்து எந்தக் கூவல் வந்தாலும் கேட்டவன் அதை அப்படியே கீழ்ப்படிக்குக் கூவ வேண்டும். பாறை உருளுகிறதா, வெடி வைத்திருக்கிறார்களா என்று அடியில் நிற்பவனுக்குத் தெரியாது. என்ன சொல் என்று யோசித்துக்கொண்டு நின்றவன் எவனும் அங்கே உயிரோடு இல்லை.

முதலில் திறந்தது ஒச்சம்மாவின் வாய். பயம் வந்து சேருவதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது. "கூழ்!" என்று அலறிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"ஒரு வாய் ஊர் வாய் ஆகாது," என்றார் மந்திரி. "அவள் பானையை உடையுங்கள்."

காவலன் தடியை ஓங்கினான். அதற்குள் முதல் படியிலிருந்து கொம்பையா கத்தினான், "கூ...ழ்!" இரண்டாம் படி கத்தியது. அதற்கடுத்த படி கத்தியது. ஆண்குரலும் பெண்குரலுமாக அந்தச் சொல் படிபடியாக உருண்டு அடிமட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே காது மந்தமான ஒரு ஆள், "கூழாம்டா, ஒதுங்கு!" என்று பக்கத்தில் இருந்தவனை இழுத்துத் தள்ளினான். அதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு குழி முழுக்கப் பரவியது. ஓங்கிய தடியைக் காவலன் தானாகவே இறக்கினான்.

"மதினி, மூடியத் தெறங்க," என்று சட்டியோடு மேலேறி வந்தான் கொம்பையா. "பேரு சொல்லிக் கேக்கேன். ரெண்டு சொம்பு கூழு."

மந்திரி பல்லக்கில் ஏறியபடி, கூட வந்திருந்த செயலரைக் கடிந்துகொண்டார். "அரண்மனை முற்றத்தில் வைத்துக் கூவியிருக்க வேண்டும். ‘நியாயம்’ என்ற பெயருக்கு அப்படித்தானே முத்திரை வாங்கினோம்? கூடியிருந்த பிரபுக்களில் ஒருவர் வாய் திறந்தாரா?"

ஒச்சம்மாவின் அகப்பை பாதியில் நின்றது.

"அந்தப் பேர எதுக்குய்யா வச்சீங்க?" என்று செயலரைக் கேட்டாள்.

"அரண்மனைப் பிரம்புக்கு," என்றார் செயலர், அரசாங்கத் தகவலை மறைக்கும் வழக்கம் இல்லாதவர்போல.

புருஷன் கை போன வருஷம் அரண்மனை வாசலுக்குப் போய் நியாயம் கேட்டவள் அவள். கேட்டதைக் குறைவில்லாமல் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முதுகைத் தடவியபடி இப்போது தெரிந்துகொண்டாள்.

வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றி முடித்தாள். கடைசிச் சொம்பைத் தானே குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விளிம்புக்குப் போனாள். பல்லக்கு இன்னும் பார்வையைத் தாண்டவில்லை.

"என்ன மதினி, உருளுதா?" என்று முதல் படிக்குத் திரும்பியிருந்த கொம்பையா கேட்டான்.

"இனிமேத்தான்," என்றாள் ஒச்சம்மா. இரண்டு கையையும் வாயில் குவித்து, வயிற்றிலிருந்து எடுத்துக் கூவினாள்:

"நியாயம்!"

கொம்பையா யோசிக்காமல் கத்தினான். அவனுக்குக் கீழே இருந்தவன் கத்தினான். படிபடியாக அது அடிமட்டம் வரை இறங்கியது. சம்மட்டிகள் நின்றன. பிறகு, கூழுக்கு நடக்காத ஒன்று நடந்தது. அடிவரை போன சொல் அங்கேயே நிற்காமல் மேலே ஏறி வரத் தொடங்கியது. கூடவே ஆட்களும்.